டீச்சர் பங்களாவில் ஒட்டிய ஐந்து கண்ணாடிகள்

குன்னூர்ப் பக்கம் யாராவது பழைய பங்களா ஒன்றை வாங்கினால் இப்போதும் என் போன் அடிக்கிறது. "மேஸ்திரி, ஒருக்கா வந்து பார்த்துட்டுப் போங்க" என்பார்கள். எழுபத்திரண்டு வயதில் முழங்கால் ஏற்றத்தில் மறுக்கும், இறக்கத்தில் சண்டை போடும். ஆனாலும் போவேன். வீட்டுக்காரர்களோடு வரும் இளம் இன்ஜினியர்கள் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைச் சுவரில் வைத்து ஈரத்தை அளப்பார்கள். அளந்துவிட்டு என் பக்கம் திரும்பி, இதெல்லாம் இல்லாத காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பார்கள். வாயால் சொன்னால் நான் எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போய்விடுவேன். அதனால் எழுதி வைக்கிறேன். பெருமை பேசுகிறான் என்று தோன்றினால் தோன்றட்டும். முப்பத்தைந்து வருடம் பூச்சுக் கரண்டி பிடித்தவன், கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

தொழில் கற்ற கதையை நீட்ட மாட்டேன். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, பதினாறு வயதில் குடும்பத்தோடு கப்பலேறி வந்தவன் நான். அம்மா கொழுந்து பறிக்கப் போனாள். நான் கொழுந்துக்கு லாயக்கில்லை என்று கங்காணி கட்டட வேலைக்குத் தள்ளிவிட்டார். கல் சுமந்தேன், கலவை குழைத்தேன், இருபத்து மூன்றில் மேஸ்திரி ஆனேன். என் பூச்சில் கையைத் தடவினால் வழுக்கும். அந்த மண்டைக்கனம் எனக்கு அப்போதே உண்டு.

எங்கள் தோட்டக் கம்பெனியின் கட்டடங்களுக்கெல்லாம் இன்ஜினியர் வரதராஜன் சார். ஒல்லியான மனிதர், சத்தம் போடவே மாட்டார். ஒரு பங்களாவைப் பார்க்கப் போனால் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிடுவார். மடக்கு ஸ்டூல் ஒன்றைக் கையோடு கொண்டுவருவார். ஒவ்வோர் அறையிலும் அதைப் போட்டு உட்கார்ந்து, பத்து நிமிடம் பேசாமல் சுவரையும் கூரையையும் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் உட்கார்ந்திருக்கும்போது நாங்கள் நின்றே ஆகவேண்டும். இருமினால்கூடத் திரும்பிப் பார்ப்பார். புதிதாக வந்த நாட்களில் இந்த ஆளுக்கு வேறு வேலையே இல்லையா என்று நான் மனதுக்குள் திட்டியதுண்டு.

பிறகு நோட்டை எடுப்பார். இடது பக்கத்தில் மேலே 'பார்த்தது' என்றும், வலது பக்கத்தில் 'நினைத்தது' என்றும் பென்சிலால் எழுதுவார். இடது பக்கம் நிறையும்வரை வலது பக்கத்தில் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டார். நாங்களும் அப்படித்தான் எழுதவேண்டும். கூரையில் ஓட்டை இருக்கிறது என்று ஒருநாள் நான் இடது பக்கத்தில் எழுதியிருந்தேன். அவர் என்னை ஏணியில் ஏற்றினார். ஓட்டை இல்லை, ஓடு நகர்ந்திருந்தது. "ஓட்டையைப் பார்த்தியா, தரையில தண்ணியப் பார்த்தியா?" என்று கேட்டுவிட்டு ரப்பரை நீட்டினார். அன்று எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. இன்று யார் வீட்டுக்குப் போனாலும் அதே இரண்டு பக்கத்தைத்தான் நானும் போடுகிறேன்.

கம்பெனியில் அவர் வைத்திருந்த கறாரான விதி ஒன்று உண்டு. கம்பெனி ஆட்கள் வெளியே தனிவேலை எடுக்கக் கூடாது. இன்னொன்றும் சொல்வார். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசக் கூடாது. ஏன் என்று அப்போது அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கோத்தகிரி ரோட்டுக்குக் கீழே, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருந்தது டீச்சர் பங்களா. வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டியது. இரண்டடி கனத்தில் கல் சுவர், மரத் தளம், அறைக்கு அறை கணப்பு, ஐந்து படிகளாக இறங்கும் தோட்டம். பிளம்ஸும் பேரியும், ஆள் உயரக் கமேலியாவும், வேலியாக சைப்ரஸும் இருந்தன. தோட்டத்துக்குக் கீழே கொஞ்சம் தேயிலை. கிரேஸ் டீச்சரின் கணவர் ஜேக்கப் ஐயா அதை வாங்கியிருந்தார். டீச்சர் குன்னூரில் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. வரதராஜன் சாரின் இரண்டு பெண்களும் அவரிடம் படித்தவர்கள்.

எனக்கு இருபத்தாறு வயது இருக்கும்போது ஜேக்கப் ஐயா என்னைக் கூப்பிட்டார். கிறிஸ்மஸுக்கு முன்னால் வீட்டை வெளியே புதுசாக்க வேண்டும் என்றார். சிமென்ட் பர்மிட்டில் மட்டுமே கிடைத்த காலம் அது. சிமென்ட் பூசிய வீடு என்றால் ஊரே நின்று பார்க்கும். ஐயா எப்படியோ மூட்டைகளைப் பிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாருக்குத் தெரியாமல் போய், உதிர்ந்துகொண்டிருந்த சுண்ணாம்புப் பூச்சின் மேலேயே சிமென்ட் பூசினேன். எலி வருகிறது என்று ஐயா குறைப்பட்டதால் மரத் தளத்துக்குக் கீழே காற்றுப் போக இருந்த ஓட்டைகளையும் அடைத்தேன். கிறிஸ்மஸுக்கு வந்தவர்கள் எல்லாரும் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தேன். ஒரே நேரத்தில் இரண்டு விதியையும் உடைத்தேன் என்ற உறுத்தல் துளிகூட இல்லை.

இருபது வருடம் போயிற்று. பச்சைத் தேயிலை விலை விழுந்த வருடங்கள் வந்தன. அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பறித்துக் கொண்டுபோய்ப் போட்டால் கூலிக்குக்கூடக் கட்டாது என்று இத்தலாரிலும் எங்கள் பக்கத்திலும் கொழுந்தைச் செடியிலேயே விட்டார்கள். இடுப்பளவு நிற்கவேண்டிய தேயிலை, தலைக்கு மேலே மரமாக வளர்ந்தது. கம்பெனியில் ஆட்குறைப்புப் பேச்சு. லிஸ்ட் தயாராகிறது என்றார்கள். யார் பெயர் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. டீ குடிக்கப் போனால் அதே பேச்சு, வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சு.

ஜேக்கப் ஐயா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். டீச்சர் ஓய்வு பெற்று அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். தேயிலை கைவிட்டதால், நான்கு அறைகளை விருந்தினர்களுக்கு விட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். வீடு இடம் கொடுக்கவில்லை. உள்சுவரெல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஈரம், பூஞ்சை நாற்றம், தெற்கு அறையில் தளம் இற்றுப்போய்க் கால் உள்ளே இறங்கியது. வெளியே ஐந்து இடங்களில் நெடுக விரிசல்.

மகன் டேனியல் கோயம்புத்தூரில் இருந்தார். கெட்டவர் இல்லை. என்றைக்காவது சுவர் அம்மாவின் மேல் விழுந்துவிடும் என்று நிஜமாகவே பயந்தார். வீட்டை இடித்துக் காட்டேஜ் கட்ட ஓர் ஆள் வாங்கத் தயாராக இருந்தார். அந்த ஆள் கூட்டிவந்த இன்ஜினியர், அஸ்திவாரம் இறங்குகிறது, பழுது பார்த்துப் பிரயோஜனம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் சம்மதிக்கவில்லை. கடைசியில் அம்மாவும் மகனும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். வரதராஜன் சார் வந்து பார்க்கட்டும். சுவர் நிற்கும் என்று அவர் எழுதிக் கொடுத்தால் டீச்சர் அங்கேயே இருப்பார். நிற்காது என்றால் மறுபேச்சில்லாமல் மகனோடு கிளம்புவார். சார் என்ன எழுதினாலும் டீச்சருக்கு அதுதான் முடிவு.

சார் துணைக்கு என்னைக் கூட்டிப்போனார். அந்தக் கேட்டுக்குள் நுழையும்போதே சாருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். டீச்சர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பூச்சு வேலையெல்லாம் ஐயா பார்த்துக்கொண்டது, ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் சர்ச்சில் இருப்பார். என்னைக் கணவருக்குத் தெரிந்த மேஸ்திரி என்று மட்டும்தான் நினைத்திருந்தார். சார் ஷூவைக் கழற்றினார், ஸ்டூலைப் போட்டார், அறை அறையாக உட்கார்ந்தார். அன்று ஒரு மணி நேரம் ஆயிற்று.

வெளியே வந்து, விரிசல்களில் கண்ணாடி ஒட்டச் சொன்னார். அது எளிய முறை. போட்டோ பிரேம் கண்ணாடியை விரல் அகலத்துக்கு வெட்டி, விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனைகளையும் இறுக ஒட்டிவிட வேண்டும். பக்கத்தில் தேதி. சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். மழை முடிந்து வந்து பார்த்தால், சுவர் இறங்குகிறதா நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

"பூச்சைக் கொத்தி எடுத்துட்டு, கல்லுல ஒட்டு" என்று சொல்லிவிட்டு, வேறு தோட்டத்தில் வேலை இருந்ததால் சார் ஜீப்பில் போய்விட்டார்.

நான் உளியை எடுத்தேன், வைத்தேன். வருடா வருடம் வெள்ளையடித்ததில் வெளியே தெரியாது; கொத்தினால் உள்ளே சுண்ணாம்பின் மேல் சிமென்ட் இருப்பது தெரிந்துவிடும். யார் பூசியது என்ற கேள்வி வரும். தனிவேலை பார்த்த குட்டு வெளிப்படும். லிஸ்ட் தயாராகிற நேரம், வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். கொத்தாமல் சிமென்ட் பூச்சின் மேலேயே ஐந்து கண்ணாடிகளையும் ஒட்டினேன். கொத்திய மாதிரி காட்ட, சுற்றிலும் கொஞ்சம் கலவையும் பூசினேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான வேலை அதுதான். அதைச் செய்துவிட்டு டீச்சர் கொடுத்த காப்பியையும் குடித்தேன்.

அந்த வருடம் ஐப்பசி மழை விட்டு வெளுக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. மார்கழியில் ஒரு காலையில் நாங்கள் மறுபடியும் போனோம். டேனியலும் வந்திருந்தார். முதல் கண்ணாடி முழுசாக இருந்தது. இரண்டாவது உடைந்திருந்தது. மூன்றாவதும் ஐந்தாவதும் உடைந்திருந்தன. சார் நோட்டை எடுத்து, இடது பக்கத்தில் 'மூன்று கண்ணாடி உடைந்திருக்கிறது' என்று எழுதினார்.

கண்ணாடியைச் சரியாக ஒட்டியிருந்ததா என்று டேனியல் கேட்டார். நல்ல கேள்விதான்.

"மாரிமுத்து ஒட்டினது. அதுல தப்பு வராது" என்றார் சார்.

அவரிடம் இருந்த அத்தனை வருடத்தில் அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான். சார் பென்சிலை வலது பக்கத்துக்குக் கொண்டுபோனார். டீச்சர் அழவில்லை, கெஞ்சவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மகனிடம் தாழ்ந்த குரலில், "சாமான் கட்டற ஆளுங்களை எப்ப வரச் சொல்றே?" என்று கேட்டார். நாற்பது வருடம் இருந்த வீடு. நான் தடவித் தடவி அழகு பார்த்த சுவர் அவரை வெளியே தள்ளுகிறது.

"சார், எழுதாதீங்க" என்றேன். சார் நிமிர்ந்தார். "கண்ணாடியை நான் கல்லுல ஒட்டலைங்க. பூச்சு மேலயே ஒட்டிட்டனுங்க. இது சிமென்டுப் பூச்சுங்க. இருவது வருசத்துக்கு முன்னால நாந்தான் பூசினேன். ஞாயித்துக்கிழமைல வந்து, உங்களுக்குத் தெரியாம."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. உளியும் சுத்தியலும் எடுத்து, இரண்டாவது விரிசலில் கொத்தினேன். மூன்றே அடியில் சிமென்ட் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து காலடியில் விழுந்தது. சுவரோடு அதற்கு ஒட்டே இல்லை. உள்ளே பழைய சுண்ணாம்பு, ஊறிய அரிசி மாவு மாதிரி நசநசத்தது. அதை வழித்துவிட்டுத் துடைத்தேன். கல் தெரிந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த இணைப்பு, கட்டிய நாளில் இருந்தபடியே இருந்தது. ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை.

விஷயம் இவ்வளவுதான். மழைத் தண்ணீர் எப்படியும் சுவருக்குள் கொஞ்சம் போகும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் இருபது வருடம் சுவருக்குள்ளேயே நின்றிருக்கிறது. விரிசல் எல்லாம் சிமென்ட் தோலில்தான். கண்ணாடியை உடைத்ததும் அந்தத் தோல்தான். தளத்துக்கு அடியில் காற்றோட்டத்தையும் நான் அடைத்துவிட்டதால் மரமும் இற்றுப்போயிற்று.

சார் மீதி நான்கு இடத்தையும் கொத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். கொத்தினேன். நான்கிலும் கல் சுத்தமாக இருந்தது. ஸ்டூலை வெளியே புல்லில் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் நினைத்தது போலவே, உடனே தீர்ப்பு எழுத மறுத்துவிட்டார். கல்லில் புதுக் கண்ணாடி ஒட்டி, அடுத்த மழை முடியும்வரை பார்த்துத்தான் எழுதுவேன் என்றார். டேனியல் சம்மதித்தார். ஆனால் அவருக்குக் கோபம் ஆறவில்லை. பூச்சை உரித்துச் சுண்ணாம்பு பூச யாரைப் பிடிப்பது என்ற பேச்சு வந்தபோது, கெடுத்தவன் கையிலேயே மறுபடியும் வீட்டைக் கொடுப்பதா என்று நேராகவே கேட்டார்.

"எந்த எடத்துல எவ்வளவு கனமாப் போட்டிருக்குன்னு வேற யாருக்குங்க தெரியும்?" என்றேன். வெட்கமும் திமிரும் சேர்ந்தே அந்த வார்த்தையில் இருந்தன.

டீச்சர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "டேனி, முப்பது வருசம் பசங்களைப் பார்த்திருக்கேன். மாட்டிக்கிட்டப்புறம் ஒத்துக்கிட்டவங்கதான் ஜாஸ்தி, மாட்டறதுக்கு முன்னாடி ஒத்துக்கிட்டவங்க கம்மி. மேஸ்திரியே செய்யட்டும்." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

திங்கட்கிழமை சார் ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஒரு தாளைக் கொடுத்து நடந்ததை எழுதச் சொன்னார். இடது பக்கம், வலது பக்கம் பிரித்துத்தான். எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு ஒரு மாதம் வேலையிலிருந்து சஸ்பெண்ட் என்றார். வேலையே போய்விடும் என்று நினைத்திருந்தவனுக்கு அது தண்டனையா லீவா என்று புரியவில்லை. கதவுவரை போனவனை நிறுத்தி, "ஒரு மாசம் போதுமா?" என்று கேட்டார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "ரெண்டு ஆள் இருந்தாப் போதுங்க சார்" என்றேன்.

அந்த ஒரு மாதம் நான் உழைத்த மாதிரி அதற்கு முன்னும் உழைத்ததில்லை, பின்னும் இல்லை. சிமென்டைச் சுவர் சுவராக உரித்தேன். காற்று ஓட்டைகளைத் திறந்து, எலிக்குக் கம்பி வலை அடித்தேன். சுவரை ஒட்டி மண் மேடேறியிருந்த ஹைட்ரேஞ்சாப் பாத்தியைத் தோண்டவேண்டும் என்றபோதுதான் டீச்சரிடம் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்குக்கூட அவர் அவ்வளவு வாதாடவில்லை. ஒவ்வொரு செடியும் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரலாறு சொன்னார். கடைசியில் வேரோடு தூக்கி இரண்டாவது படியில் வைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தபிறகுதான் நகர்ந்தார். ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

உரித்த சுவரில் உடனே பூசவில்லை. கோடை முழுக்கக் காயவிட்டேன். தோல் உரிந்த வீட்டைப் பார்த்து ரோட்டில் போகிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், இந்தத் தடவை சாரிடம் சொல்லிவிட்டே, சுண்ணாம்பைப் புளிக்கவைத்துக் கடுக்காய்த் தண்ணீர் விட்டுப் பூசினேன். கண்ணாடி இருந்த ஐந்து இடத்தை மட்டும் பூசாமல் விட்டேன். அதற்கு அடுத்த மார்கழியில் சார் வந்து பார்த்தார். ஐந்து கண்ணாடிகளும் முழுசாக இருந்தன. அவர் வலது பக்கத்தில் ஒரே வரி எழுதி டேனியலிடம் கொடுத்தார். 'இந்தச் சுவர் நம் எல்லாருக்கும் பிறகும் நிற்கும்.'

ஆட்குறைப்பு லிஸ்ட் வந்தது. அதில் என் பெயர் இல்லை. நான் எழுதிக் கொடுத்த தாளை சார் பைலில் வைத்துவிட்டார். அவர் ஓய்வு பெற்று, நான் சூப்பர்வைசர் ஆனபிறகு, வேலைக்கு வரும் ஒவ்வொரு புது மேஸ்திரிக்கும் அதை நானே படித்துக்காட்டினேன். சிலர் சிரிப்பார்கள். ஆனால் நான் ஓய்வு பெறும்வரை எங்கள் கம்பெனி பங்களாக்களில் பழைய சுவர் ஒன்றின் மேலும் சிமென்ட் ஏறவில்லை.

டீச்சர் நான்கு அறைகளையும் விருந்தினர்களுக்கு விட்டார். வந்தவர்களுக்கெல்லாம் இந்தச் சுவரின் கதையைச் சொல்வாராம், என் பெயரோடு. இரண்டு பக்கத்தையும் சொல்வார்.

போன ஐப்பசியில் டீச்சர் காலமானார். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்துத் தன் அறையிலேயே இருந்தார் என்றார்கள். அடக்கத்தன்று நல்ல மழை. வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள், டேனியலும் வயதானவர், இனிமேல் இதை யார் பார்ப்பது, விற்றுவிடுவார் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எல்லாம் முடிந்தபிறகு டேனியல் வந்து என்னைக் கையைப் பிடித்து எழுப்பி, உள்ளே தெற்கு அறைக்குக் கூட்டிப்போனார். இருபது வருடத்துக்கு மேலாக அவர் என்னிடம் மரியாதையாகப் பேசியிருக்கிறார். ஆனால் மனதுவிட்டுப் பேசியதில்லை.

"மூணு வாரமா அம்மாகூட இந்த ரூம்லதான் இருந்தேன். வெளிய இந்த மழை. உள்ள ஒரு பொட்டு ஈரம் இல்லைங்க மேஸ்திரி" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "விக்கலைங்க. நானும் வீட்டம்மாவும் தை மாசம் இங்கயே வந்துடறோம்" என்றார்.

எனக்கு வாய் எவ்வளவு நீளம் என்று ஊருக்கே தெரியும். அன்றைக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினேன்.